மேற்கே போன கிளையைத் தேடி: அமெரிக்காவின் பழைய சென்சஸ் ஏடுகளைப் படிக்கும் முறை

பழைய அமெரிக்க சென்சஸ் ஏடுகளில், "இந்தக் குடும்பம் ஒஹாயோவை விட்டுக் கேன்சஸுக்குப் போனது" என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. பத்து வருடத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்து ஆள் ஒருவர் வீடு வீடாகப் போய், யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். நடுவில் கிடக்கும் பத்து வருடத்தை நாம்தான் கூட்டிக் கழித்து நிரப்ப வேண்டும். அதற்கான துப்பு குடும்பத் தலைவரின் வரியில் கிடைப்பது குறைவு. பிள்ளைகள் பிறந்த மாநிலங்களிலும் பக்கத்து வீட்டுப் பெயர்களிலும்தான் அது இருக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அமெரிக்கக் குடும்பங்களில் பெண் கொடுத்து, பெண் எடுத்த நம்மவர்கள் இன்று நிறையப் பேர். பேரப்பிள்ளைகளின் ஒரு பக்கத்து வம்சத்தை நாம் வாயாலேயே சொல்லிவிடுவோம். மறுபக்கம், "கொள்ளுத்தாத்தாவின் தாத்தா வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனாராம்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். அந்த வரிக்கு ஊரும் வருடமும் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: தெரிந்தவரிடம் தொடங்கிப் பின்னோக்கிப் போவது

அமெரிக்க சென்சஸில் தனிப்பட்டவர்களின் விவரம் 72 வருடம் கழித்துத்தான் பொதுமக்கள் பார்வைக்கு வரும். 1950 ஏடுகள் 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டன. 1960 ஏடுகளுக்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். ஆகவே 1950இல் உயிரோடிருந்த ஒரு பாட்டியோ தாத்தாவோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். அவரை 1950இல் பிடியுங்கள், பிறகு 1940இல், பிறகு 1930இல். எந்த வருடத்தையும் தாண்டிக் குதிக்காதீர்கள். 1930இல் கிடைத்தவரை நேராக 1880இல் தேடினால், அதே பெயருள்ள வேறொருவரைப் பிடித்துக்கொண்டு வேறு யாருடைய குடும்பத்துக்கோ வரலாறு எழுதும்படி ஆகிவிடும்.

1950 ஏடுகளை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு ஃபேமிலிசர்ச் தளம் போதும். கணக்கு ஒன்று தொடங்க வேண்டும், காசு கிடையாது. ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம். ஆனால் அமெரிக்காவின் பொது நூலகங்கள் பலவற்றில் நூலகத்துக் கணினி வழியாக அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். சந்தா கட்டும் முன் உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எந்தத் தளமானாலும் தேடலில் வரும் தட்டச்சு விவரத்தோடு நிறுத்தாதீர்கள். கையால் எழுதிய மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். அட்டவணைக்காகப் படித்து எழுதியவர்கள் எல்லாப் பத்தியையும், அதாவது ஏட்டில் மேலிருந்து கீழாக ஓடும் எல்லாக் கட்டத்தையும், எழுதியிருக்க மாட்டார்கள், எழுதியதிலும் பிழை இருக்கும். ஒரு குடும்பம் பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் தொடர்வது சகஜம். 1870 ஏட்டில் பக்கத்துக்கு 40 வரி, 1880இல் 50. கடைசி வரியில் ஒரு கணவனும் மனைவியும் மட்டும் நின்றால் பிள்ளையில்லாதவர்கள் என்று முடிவு கட்டிவிடாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.

இரண்டாம் படி: எந்த வருடம் என்ன கேட்டார்கள்

சென்சஸ் 1790இல் தொடங்கியது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதினார்கள். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். 1850இல்தான் அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரும், வயதும், பிறந்த மாநிலமும் வந்தன. நம் வேலைக்கு 1850 பெரிய திருப்பம்.

ஆனால் 1850, 1860, 1870 மூன்றிலும் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதவில்லை. 45 வயது ஆண், 30 வயதுப் பெண், 17 வயதுப் பையன் என்று வரிசையாக இருந்தால், அந்தப் பெண் இரண்டாம் மனைவியாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், வேலைக்கு இருந்தவராகவும் இருக்கலாம். உறவுமுறைப் பத்தி 1880இல் வந்தது. அதே வருடம் அப்பா பிறந்த இடம், அம்மா பிறந்த இடம் என்று இரண்டு பத்திகளும் சேர்ந்தன. ஒரே வரியில் இரண்டு தலைமுறையின் பூகோளம் கிடைக்கிறது. மேற்கே போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு 1880 போல உதவும் ஏடு வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

1900 ஏடு ஒவ்வொருவரும் பிறந்த மாதத்தையும் வருடத்தையும் கேட்கிறது. ஒரு தாய் எத்தனை பிள்ளை பெற்றார், அதில் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று 1900, 1910 இரண்டிலும் கேட்டார்கள். "9 பெற்றார், 5 பேர் உயிரோடு" என்ற பதிலைப் பார்க்கும்போது மனசு கனத்துத்தான் போகும். ஆனால் அந்த எண்தான் நம் பட்டியலில் விட்டுப்போன பிள்ளைகள் உண்டா என்று சொல்லும். 1940 ஏடு 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே வசித்தீர்கள் என்று கேட்டது. முப்பதுகளின் வறட்சியில் ஓக்லஹோமாவை விட்டுக் கலிஃபோர்னியா போன குடும்பமா? விட்டு வந்த கவுண்டியின் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயரே அந்தப் பத்தியில் இருக்கக்கூடும். பதில் சொன்னது வீட்டில் யார் என்று வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருப்பதும் 1940இல்தான். அதற்கு முன் சொன்னவர் யார் என்பதே தெரியாது, வீட்டில் ஆள் இல்லாதபோது பக்கத்து வீட்டுக்காரர் குத்துமதிப்பாகச் சொன்னதாகவும் இருக்கலாம். ஒரு பெண்ணுக்குப் பத்து வருடத்தில் ஆறு வயதுதான் கூடியிருக்கிறது என்றால் திகைக்க வேண்டாம்.

கணக்கு நாளையும் கவனியுங்கள். 1830 முதல் 1900 வரை ஜூன் 1தான் கணக்கு நாள். கணக்கெடுப்பவர் ஆகஸ்டில் வந்தாலும் ஜூன் 1 நிலவரத்தைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. 1910இல் அது ஏப்ரல் 15, 1920இல் ஜனவரி 1, 1930 முதல் ஏப்ரல் 1. வயதிலிருந்து பிறந்த வருடத்தைக் கணக்கிடும்போது இது ஒரு வருட வித்தியாசத்தை உண்டாக்கிவிடும்.

மூன்றாம் படி: பிள்ளைகளின் வரிகளில் பாதையைப் படிப்பது

ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1880, கேன்சஸ் மாநிலத்தின் ஒரு கிராமப்புறம். குடும்பத் தலைவர் 46 வயது விவசாயி, பிறந்தது ஒஹாயோ. அவர் அப்பா பென்சில்வேனியா, அம்மா வர்ஜீனியா. மனைவி 41, பிறந்தது இண்டியானா, அவருடைய பெற்றோர் இருவரும் கென்டக்கி. பிள்ளைகள்: 21 வயது, இண்டியானா. 18, இல்லினாய். 15, இல்லினாய். 11, அயோவா. 7, அயோவா. 4, கேன்சஸ். 1, கேன்சஸ்.

இப்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, பிள்ளை பிறந்த காலத்தையும் இடத்தையும் எழுதுங்கள். 21 வயதுக்காரர் 1858 ஜூனுக்கும் 1859 மே மாதத்துக்கும் இடையில் இண்டியானாவில் பிறந்திருக்கிறார். 18 வயதுக்காரர் 1861 ஜூனுக்கும் 1862 மேக்கும் இடையில் இல்லினாயில். ஆக முதல் நகர்வு இந்த இரண்டு பிறப்புகளுக்கும் நடுவில். 1860 சென்சஸில் இவர்கள் இண்டியானாவிலும் இருக்கலாம், இல்லினாயிலும் இருக்கலாம், இரண்டிலும் தேட வேண்டும். அடுத்த நகர்வு 1864க்கும் 1869க்கும் இடையில். ஆகவே 1870இல் அயோவாவில் தேடலாம். கடைசி நகர்வு, கேன்சஸுக்கு, 1872 நடுவுக்கும் 1876 நடுவுக்கும் இடையில்.

ஒரே பக்கத்தை வைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இனி 1870 அயோவா ஏட்டில் அதே பிள்ளைகள் பத்து வயது குறைவாக, அதே பிறப்பிடங்களோடு ஒரு வீட்டில் இருந்தால் அது நம் குடும்பம்தான் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். கணவனின் பெயரும் வயதும் மட்டும் பொருந்துவது போதவே போதாது. மனைவி, பிள்ளைகளின் வரிசை, பிறப்பிடம் எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும்.

பிள்ளைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியையும் கவனியுங்கள். மேலே 15க்கும் 11க்கும் நடுவே நான்கு வருடம். ஒரு குழந்தை பிறந்து இறந்திருக்கலாம். 1850 முதல் 1880 வரை நான்கு சென்சஸ்களோடும் இறப்புப் பட்டியல் என்று தனி ஏடு உண்டு. கணக்கு நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் இறந்தவர்களின் பெயர், வயது, பிறப்பிடம், இறந்த காரணம் எல்லாம் அதில் இருக்கும். பத்தில் ஒரு வருடத்தைத்தான் அது காட்டும், இருந்தாலும் பார்க்காமல் விடாதீர்கள். இடைவெளி உள்நாட்டுப் போர்க் காலத்தில், அதாவது 1861க்கும் 1865க்கும் இடையில் வந்தால், அப்பா படையில் இருந்தாரா என்று ராணுவ, ஓய்வூதிய ஆவணங்களில் தேடுங்கள்.

நான்காம் படி: அக்கம்பக்கம்

அந்தக் காலத்தில் தனியாக மேற்கே போனவர்கள் குறைவு. அண்ணன் தம்பி, மச்சான், மாமனார், ஒரே சர்ச்சைச் சேர்ந்தவர்கள் என்று கூட்டமாகப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் நிலம் பிடித்தார்கள். ஆகவே உங்கள் குடும்பம் இருக்கும் பக்கத்துக்கு முன்னால் ஐந்தாறு பக்கம், பின்னால் ஐந்தாறு பக்கம் படியுங்கள். ஏட்டின் இடது ஓரத்தில் வீட்டு எண், குடும்ப எண் என்று இரண்டு எண்கள் இருக்கும். அவை கணக்கெடுப்பவர் நடந்து போன வரிசை எண்கள், கதவு எண் கிடையாது. அந்த வரிசையில் அடுத்தடுத்து வருபவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்துக் குடியிருந்தவர்கள்.

அதில் யாருடைய பிள்ளைகளின் பிறப்பிட வரிசை உங்கள் குடும்பத்தின் வரிசையைப் போலவே ஓடுகிறது என்று பாருங்கள். இண்டியானா, இல்லினாய், அயோவா, கேன்சஸ் என்று அதே காலத்தில் அதே பாதையில் வந்த இன்னொரு குடும்பம் இருந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மனைவியின் பிறந்த வீடாக இருக்க வாய்ப்பு நிறைய. உங்கள் ஆளின் பெயர் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும் பெயராக இருந்தால், அரிதான பெயர் கொண்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பழைய மாநிலத்தில் தேடுங்கள். அவர் கிடைத்தால் நம்மவரும் அங்கே இருக்கக்கூடும். வயதான ஒருவர் வேறு குடும்பப் பெயரோடு வீட்டில் இருந்தால், அது மனைவியின் அப்பாவோ அம்மாவோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். 1880 ஏட்டில் "மாமியார்" என்று உறவே எழுதியிருக்கும். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயருக்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஐந்தாம் படி: 1890 என்ற ஓட்டை

1890 ஏடுகள் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டன. 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. நெருப்பும் தண்ணீரும் சேர்ந்து கெடுத்தது போக மிஞ்சியதையும் பிறகு அழித்துவிட்டார்கள். அந்த 1890 ஏடு எடுத்ததோ மேற்குக் குடியேற்றம் மும்முரமாக நடந்த காலத்தில். 1880க்கும் 1900க்கும் நடுவில் இருபது வருடம் இருட்டு. ஒரு பெண் குழந்தை 1880இல் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, வேறு பெயரோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட அந்தக் காலம் தாராளமாகப் போதும்.

இந்த ஓட்டையை அடைக்க முதலில் மாநில சென்சஸ்களைப் பாருங்கள். கேன்சஸ் 1865, 1875, 1885, 1895 என்று பத்துக்கு நடுவில் தனியாக எடுத்தது. 1875இலிருந்து அதில் "கேன்சஸுக்கு எங்கிருந்து வந்தீர்கள்" என்றே ஒரு கேள்வி உண்டு. பிறந்த இடம் வேறு, கடைசியாக விட்டு வந்த இடம் வேறு; இரண்டையும் ஒரே வரியில் தருவதால் இதை நான் தங்கச் சுரங்கம் என்பேன். நம் மாதிரிக் குடும்பத்தை 1875 மார்ச் மாதத்துக் கேன்சஸ் ஏட்டில் தேடுங்கள். இருந்தால் வந்த காலம் 1872க்கும் 1875க்கும் இடையில் என்று சுருங்கும். அயோவாவின் 1856 ஏடு, மாநிலத்துக்கு வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்கிறது. 1925 ஏடு பெற்றோரின் பெயரை, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு தருகிறது. மின்னசோட்டாவும் 1857 முதல் இடையிடையே எடுத்தது. நெப்ராஸ்கா, கொலராடோ, டகோட்டா, நியூ மெக்சிகோ, ஃபுளோரிடா ஐந்துக்கும் மத்திய அரசின் உதவியோடு எடுத்த 1885 கணக்கெடுப்பு உண்டு. கலிஃபோர்னியா 1852இல் எடுத்த மாநிலக் கணக்கில் முந்தைய வசிப்பிடம் இருக்கிறது. தங்கம் தேடிப் போனவர்களுக்கு அங்கே பாருங்கள்.

1890இல் தனியாக எடுத்த போர் வீரர்கள், விதவைகள் பட்டியலில் பாதி தப்பியது. ஆங்கில அகரவரிசையில் கென்டக்கியின் ஒரு பகுதியிலிருந்து வயோமிங் வரை இருக்கிறது. அதனால் மிசௌரி, நெப்ராஸ்கா, ஓரிகனுக்கு உதவும், இல்லினாய், அயோவா, கேன்சஸுக்கு உதவாது.

ஆறாம் படி: எல்லைகள் நகர்ந்ததைப் பார்ப்பது

குடும்பம் அதே வீட்டில் இருந்திருக்கும், மாநிலம் மாறியிருக்கும். இன்று கொலராடோவில் இருக்கும் டென்வர் நகரம், 1860இல் கேன்சஸ் பிரதேசத்தின் (அன்றைக்கு அது இன்னும் மாநிலமாகவில்லை) அரபஹோ கவுண்டியாகத்தான் ஏட்டில் இருக்கிறது. கொலராடோ பிரதேசம் உருவானதே 1861இல். மேற்கு வர்ஜீனியா 1863இல் பிரிந்தது, ஆகவே ஒரே ஆளின் பிறப்பிடம் 1860இல் வர்ஜீனியா என்றும் 1880இல் மேற்கு வர்ஜீனியா என்றும் வரலாம். கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. கவுண்டிகளும் இப்படித்தான், ஆள் கூடக் கூட ஒன்று இரண்டாகி நான்காகும். சிகாகோவின் நியூபெரி நூலகம் கவுண்டி எல்லைகள் தேதிவாரியாக மாறியதை வரைபடமாக இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு சென்சஸ் வருடத்துக்கும் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

பெயரும் கையெழுத்தும் தனித் தலைவலி. கணக்கெடுப்பவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஷ்மிட் ஸ்மித் ஆவார், ம்யூலர் மில்லர் ஆவார். மேரியைப் பாலி என்றும், மார்த்தாவைப் பேட்சி என்றும், சாராவைச் சாலி என்றும் எழுதியிருப்பார்கள். பெயரில் இரண்டு 'எஸ்' சேர்ந்து வந்தால் முதல் எழுத்தை நீளமாக இழுத்து எழுதுவது அன்றைய வழக்கம், அதை 'எஃப்' என்றோ 'பி' என்றோ படித்து அட்டவணை போட்டிருப்பார்கள். பழைய ஏடுகளில் இண்டியானாவை 'ஐ, ஏ' என்று சுருக்கியவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த இரண்டெழுத்து அயோவாவுக்கு. குழப்பமாக இருந்தால் அதே கணக்கெடுப்பவர் அதே எழுத்தை வேறு வரியில் எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிடுங்கள். தேடலில் பெயரே அகப்படாவிட்டால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதல் பெயர், வயது, பிறப்பிடம், கவுண்டி மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

1850க்கு முன்னால்

இங்கே எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும். 1850இல் கிடைத்த குடும்பத்தை எடுத்து, ஒவ்வொருவரின் வயதிலும் பத்தைக் கழித்து, 1840 கட்டங்களில் எங்கே விழுவார்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பெயருள்ள தலைவர்களின் வீடுகளோடு ஒப்பிடுங்கள். எண் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம். 1820இல் மட்டும் ஜாக்கிரதை: 16 முதல் 18 வயது ஆண்களை 16 முதல் 26 வரையுள்ள கட்டத்திலும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள். தெரியாமல் கூட்டினால் இல்லாத பிள்ளை ஒருவர் வந்துவிடுவார். 1840 ஏட்டில் விடுதலைப் போர் ஓய்வூதியக்காரர்களின் பெயரும் வயதும் தனியாக இருக்கும். மகன் வீட்டில் ஒதுங்கியிருந்த கிழவரின் பெயர் கிடைக்கும் ஒரே இடமாக அது இருக்கலாம்.

பெயர் மறுக்கப்பட்டவர்கள்

கறுப்பினக் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு 1870தான் பெரிய சுவர். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், மனிதரின் பெயர் இருக்காது. இவர்களும் மேற்கே போனார்கள். கேன்சஸின் நிக்கோடிமஸ் ஊர் 1877இல் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் உண்டாக்கியது. 1879இல் தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கேன்சஸுக்குக் கிளம்பினார்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கும் அந்தக் கேன்சஸ் ஏடுகளின் அருமை இவர்கள் விஷயத்தில் பல மடங்கு.

குடியேறியவர்கள் பிடித்த நிலம் காலி நிலமும் இல்லை. பூர்வகுடிகளை, "வரி கட்டாத இந்தியர்கள்" என்று சொல்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த வழிக் கிளை உங்களுக்கு இருந்தால், 1885 முதல் 1940 வரை ஏஜென்சிவாரியாக (பூர்வகுடிகளுக்கென்று இருந்த அரசு அலுவலகங்கள்வாரியாக) எடுத்த பூர்வகுடிக் கணக்கு ஏடுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைசிப் படி: சென்சஸை நிலப் பத்திரத்தோடு சேர்ப்பது

சென்சஸ் காட்டும் காலத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்க நில ஆவணங்கள் வேண்டும். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் அது சொந்தம். ஐந்து வருடம் முடிந்ததும் உரிமை கோருபவரும் இரண்டு சாட்சிகளும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். என்றைக்குக் குடிவந்தார், என்ன வீடு கட்டினார், எத்தனை ஏக்கர் உழுதார், குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைக் காகிதமும் இருக்கும். சாட்சி சொன்னவர்களின் பெயரை, நான்காம் படியில் நீங்கள் குறித்த அக்கம்பக்கத்துப் பெயர்களோடு ஒப்பிடுங்கள்.

பட்டா கிடைத்தவர்களை மத்திய நில மேலாண்மைத் துறையின் பொது நில அலுவலகப் பதிவுகள் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். அதில் நிலம் இருக்கும் இடத்தைக் காட்டும் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் என்ற அளவை எண்களைக் குறித்துக்கொண்டு முழுக் கோப்பைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்டு வாங்கலாம். பாதியில் விட்டுப் போனவர்களின் பெயர் அந்தத் தளத்தில் வராது, ஆனால் கோப்பு காப்பகத்தில் இருக்கக்கூடும். பழைய 13 காலனிகள், கென்டக்கி, டென்னசி, டெக்சாஸ் ஆகியவற்றின் நிலங்கள் மத்திய அரசு கொடுத்தவை அல்ல. அவற்றுக்கு அந்தந்த மாநில, கவுண்டி ஆவணங்கள்தான்.

விட்டு வந்த ஊரின் கவுண்டி அலுவலகத்தில் விற்பனைப் பத்திரமும் தேடுங்கள். கிளம்பும் முன் நிலத்தை விற்றிருந்தால் அந்தத் தேதி, பயணம் தொடங்கிய பருவத்தையே காட்டிவிடும். அப்பா இறந்தபின் பங்கை விற்பவர்கள் பத்திரத்தில் தாங்கள் அப்போது வசிக்கும் கவுண்டியையும் மாநிலத்தையும் எழுதிக் கையெழுத்திடுவார்கள். ஒஹாயோவில் பதிவான ஒரு பத்திரத்தில் ஐந்து பிள்ளைகளும் ஐந்து இடங்களிலிருந்து கையெழுத்திட்டிருந்தால், அடுத்த சென்சஸில் யாரை எங்கே தேட வேண்டும் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது.